குளிர்கால வியன்னாவில் தேவாலயத்துக்குள் போகலாமா?

மதுரை கே.கே. நகர் வாசகி ஒருவரின் கேள்வி: “டிசம்பர் கடைசியில் நானும் கணவரும் வியன்னாவில் வேலை பார்க்கும் மகனிடம் போகிறோம். அங்குள்ள புனித ஸ்டீபன் பேராலயத்தைப் பார்க்க ஆசை. மீனாட்சியம்மன் சன்னதிக்குள் இந்து அல்லாதவர்களை விடுவதில்லை. அதுபோல அங்கே எங்களைத் தடுப்பார்களா? பூசை நேரத்தில் உட்காரலாமா? நான் புடவைதான் கட்டுவேன். முட்டி வலியும் உண்டு.”

தாராளமாகப் போகலாம். வாசலில் யாரும் மதம் கேட்க மாட்டார்கள். நெற்றியில் குங்குமம், விபூதி இருந்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சுற்றிப் பார்க்க வந்தீர்களா, வழிபாட்டுக்கு வந்தீர்களா என்பதை மட்டும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். சுற்றிப் பார்ப்பவர்கள் பின்பகுதி வரை இலவசமாகப் போகலாம். நடுக்கூடத்துக்கு டிக்கெட் வேண்டும். திருப்பலி, அதாவது பூசை, நடக்கும் நேரத்தில் உள்ளே உலாவ விடமாட்டார்கள். ஆனால் உட்கார்ந்து கலந்துகொள்ள வருகிறவர்களுக்குக் கட்டணம் கிடையாது. முடிந்தால் இரண்டுக்கும் தனித்தனியாகப் போங்கள்.

சுற்றிப் பார்க்க நண்பகலை ஒட்டிய நேரம் நல்லது. டிசம்பரில் அங்கே மாலை நான்கு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். அப்புறம் உள்ளே சிற்பங்கள் சரியாகத் தெரியாது. நடுக்கூடத்தில் இருக்கும் கல் பிரசங்க மேடையை அவசரப்படாமல் பாருங்கள். அதன் கைப்பிடியில் தேரைகளும் பல்லிகளும் ஒன்றையொன்று கடித்தபடி ஏறுகின்றன. நன்மைக்கும் தீமைக்கும் நடக்கும் சண்டை என்கிறார்கள். உச்சியில் ஒரு சின்னக் கல் நாய், அவை பிரசங்கியாரிடம் போய்விடாமல் காவல் காக்கிறது. மேடைக்கு அடியில் ஒரு சிற்பி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்க்கிறார். யாளித் தூண்களைப் பார்த்து வளர்ந்த மதுரைக்காரர்கள் இந்த இடத்தில் கட்டாயம் நின்றுவிடுவார்கள். இசைமேதை மோசார்ட்டின் திருமணம் 1782-இல் நடந்ததும் இதே ஆலயத்தில்தான்.

பூசைக்கு நீங்கள் மதுரையிலேயே தயாராகலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழவெளி வீதியில் இருக்கும் செயின்ட் மேரீஸ் சர்ச்சில் தமிழ்ப் பூசைக்குப் போய் உட்காருங்கள். கத்தோலிக்கத் திருப்பலியின் வரிசை உலகம் முழுக்க ஒன்றுதான்: வாசகங்கள், நற்செய்தி, மறையுரை (பிரசங்கம்), காணிக்கை, எழுந்தேற்றம் (குருவானவர் அப்பத்தையும் ரசக் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டுவது), பரலோக மந்திரம் (இயேசு கற்றுக்கொடுத்த ஜெபம்), சமாதானம் சொல்வது, நற்கருணை (அர்ச்சித்த அப்பத்தை வாங்குவது). இதைத் தமிழில் ஒருமுறை பார்த்துவிட்டால், வியன்னாவில் ஜெர்மனில் நடந்தாலும் எங்கே இருக்கிறோம் என்று தெரியும். மற்றவர்கள் எழுந்தால் எழுங்கள். மண்டியிடும்போது முட்டி வலியோடு நீங்களும் மண்டியிட வேண்டியதில்லை, அமைதியாக உட்கார்ந்திருந்தால் போதும். சிலுவை அடையாளம் போடவும் கட்டாயமில்லை. சமாதானம் சொல்லும்போது பக்கத்தில் இருப்பவர் கை நீட்டினால் புன்னகையோடு கை கொடுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. நற்கருணையைப் பிரசாதம் மாதிரி எல்லோருக்கும் கொடுப்பது என்று எண்ணி நம்மவர்கள் வரிசையில் நின்றுவிடுவதுண்டு. அது கத்தோலிக்கர்களுக்கு மட்டும் உரியது, அவர்கள் விசுவாசத்தின் நடு மையம். இடத்தை விட்டு எழாமல் இருங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். வேண்டுதல் இருந்தால் பூசை முடிந்ததும் உண்டியலில் காசு போட்டு மெழுகுவர்த்தி ஏற்றலாம். அதற்கு எந்தத் தடையும் இல்லை.

இங்கே பலர் சர்ச் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிறோம். அங்கே ஷூவைக் கழற்றக் கூடாது. பனி ஒட்டியிருந்தால் மிதியடியில் நன்றாகத் தட்டிவிட்டுப் போனால் சரி. ஆனால் ஆண்கள் குல்லாயையும் தொப்பியையும் எடுத்துவிட வேண்டும். கணவரிடம் சொல்லி வையுங்கள். பெண்கள் தலையை மூடியிருக்கலாம்.

குளிரைப் பற்றி: தெருவில் நடக்கும்போது உடம்பு சூடாக இருக்கும். கல் கட்டடத்துக்குள் ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரும்போதுதான் குளிர் காலில் ஏறும். கொடைக்கானலுக்குப் போட்ட ஸ்வெட்டர் மட்டும் போதாது. புடவைக்குள் தெர்மல் பேன்ட், மேலே தெர்மல் சட்டை, கம்பளி சாக்ஸ், முழங்காலுக்குக் கீழே இறங்கும் கோட், இவ்வளவும் வேண்டும். புடவையைக் கணுக்காலுக்குச் சற்று மேலே தூக்கிக் கட்டுங்கள்; உருகிய பனியில் கரை நனைந்தால் நாள் முழுக்கக் காயாது. பட்டு வேண்டாம். ஷூவின் அடிப்பாகம் வழுக்காததாக இருக்கட்டும்.

டிசம்பர் 24 மதியத்துக்குமேல் கடைகள் மூடிவிடும். 25, 26 இரண்டு நாளும் விடுமுறை. சாப்பாட்டுக்கு வேண்டியதை மகன் முன்பே வாங்கி வைப்பது நல்லது. 24-ஆம் தேதி நள்ளிரவுப் பூசைக்குக் கூட்டம் நெரியும் என்பதால் உங்கள் முட்டிக்கு அது ஒத்துவராது. சாதாரண நாள் பூசைக்குப் போவதே என் யோசனை.

கோபுரம் ஏற ஆசை இருந்தால், 136 மீட்டர் உயரத் தென் கோபுரத்தைத் தவிர்த்துவிடுங்கள். 343 படிகள், அதுவும் குறுகலான சுழல் படிகள். வட கோபுரத்துக்கு லிஃப்ட் உண்டு, தனி டிக்கெட். புமரின் என்ற பெரிய மணி அங்கேதான் தொங்குகிறது. 1945 ஏப்ரலில் தீப்பிடித்துக் கூரை எரிந்தபோது பழைய மணி விழுந்து நொறுங்கியது. அந்தத் துண்டுகளை உருக்கி வார்த்த மணி இது, எடை சுமார் 20 டன். புத்தாண்டு பிறக்கும் நள்ளிரவில் இதை அடிப்பார்கள். நீங்கள் ஜனவரி வரை தங்கினால் அந்த ஓசையைக் கேட்காமல் திரும்பாதீர்கள்.