12-ஆம் நாளா, வருட முடிவா: சாஸ்திரங்கள் முரண்பட்டால் எதைக் கேட்பது?

இறந்த அப்பாவுக்கு 12-ஆம் நாளே சபிண்டீகரணம் (இறந்தவரைப் பித்ருக்களோடு சேர்க்கும் சடங்கு) செய்துவிட்ட ஒரு வாசகர் கவலையோடு கேட்கிறார்: "வருடம் முடிந்துதான் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஆத்மா பிரேதமாகவே அலையும் என்று கருட புராணத்தின் பெயரில் வாட்ஸ்அப்பில் வந்தது. சடங்கு செய்துவைத்த வாத்தியார் நாம் செய்தது சரி என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

நீங்கள் செய்தது சரிதான். திரும்பச் செய்யக் கூடாது, செய்யவும் தேவையில்லை. கருட புராணம் என்று வீடுகளில் பெரும்பாலும் படிக்கப்படுவது நவநிதிராமர் தொகுத்த 16 அத்தியாய சாரோத்தாரம். 12-ஆம் நாள், மூன்று பட்சம் (ஒன்றரை மாதம்), ஆறு மாதம், வருட முடிவு என்று நான்கு காலங்களை அதுவே சொல்கிறது. குல வழக்கங்கள் பல, ஆயுளோ குறைகிறது, உடம்பு நிலையில்லாதது, ஆகவே 12-ஆம் நாளே உத்தமம் என்று காரணமும் தருகிறது. பயமுறுத்தும் வரி வந்தால் அத்தியாயமும் சுலோக எண்ணும் கேளுங்கள். எண் இல்லாத மேற்கோளுக்காக எந்தக் கர்மாவையும் மாற்ற வேண்டாம்.

நிஜமான பிழை வேறோர் இடத்தில் நேர்கிறது. முதல் வருடத்தில் மாதாமாதம் செய்யும் 12 மாசிகங்களும், ஊன மாசிகம், த்ரைபக்ஷிகம், ஊன ஷாண்மாசிகம், ஊனாப்திகம் என்று இடையில் வரும் நான்கும் சேர்ந்து 16 சிராத்தங்கள். சபிண்டீகரணத்துக்காக இவற்றை முன்னதாகவே செய்திருந்தாலும், அந்தந்தக் காலம் வரும்போது மறுபடி செய்ய வேண்டும். 'எல்லாம் 12-ஆம் நாளே முடிந்தது' என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

இனி பொது விதி. சுருதி (வேதம்), ஸ்மிருதி (ரிஷிகள் நினைவிலிருந்து தந்த தர்ம நூல்கள்), புராணம் முரண்பட்டால் சுருதியே பிரமாணம். பின் இரண்டும் மோதினால் ஸ்மிருதி என்கிறது வியாச ஸ்மிருதி. கீதைகூட மகாபாரதத்தின் பகுதி என்பதால் ஸ்மிருதி வரிசையில்தான் வரும். இந்த வரிசையைப் பலரும் எடுத்த எடுப்பில் பிரயோகிப்பதுதான் தப்பு. முரண் நிஜமாக இருந்தால்தான் அதற்கு வேலை.

வேத விதிகளுக்குப் பொருள் காணும் சாஸ்திரமான மீமாம்ஸையில், உரையாசிரியர் சபரர் காட்டும் உதாரணத்தைப் பாருங்கள். சோமயாகத்தில் சதஸ் என்ற பந்தலில் நட்ட அத்திக் கம்பத்தைத் தொட்டுக்கொண்டு, சாமவேதம் பாடும் உத்காதா பாட வேண்டும் என்பது சுருதி. கம்பம் முழுவதையும் துணியால் சுற்ற வேண்டும் என்பது ஸ்மிருதி. முழுதும் சுற்றிவிட்டால் கம்பத்தைத் தொட முடியாது. இரண்டையும் ஒருங்கே செய்ய வழியே இல்லாததால் ஸ்மிருதி விலகுகிறது. அதிலும் பின்வந்த மீமாம்ஸை ஆசிரியர் குமாரில பட்டர் அவசரப்படவில்லை. அந்த ஸ்மிருதிக்கு மூலமான சுருதி கண்ணில் படும்வரை அதன்படி செய்யாதிருந்தால் போதும் என்று தணிக்கிறார். முரண் இல்லாத ஸ்மிருதிக்கோ, பின்னால் ஒரு சுருதி இருப்பதாக ஊகித்து ஏற்க வேண்டும் என்கிறது மீமாம்ஸையின் மூல நூலான ஜைமினி சூத்திரம் (1.3.3).

வேதத்துக்குள்ளேயே இரு விதிகள் எதிரெதிராக நின்றால்? அதிராத்ரம் என்ற சோமயாகத்தில் ஷோடசி என்ற சோமரசப் பாத்திரத்தை எடு என்றும் உண்டு, எடுக்காதே என்றும் உண்டு. அங்கே எதுவும் தள்ளுபடி ஆகாது; விகல்பம், அதாவது இரண்டில் ஒன்று. சபிண்டீகரண காலமும் இப்படித்தான். எதைத் தேர்வது என்பதை உங்கள் குல வழக்கமும், உங்கள் குடும்பம் பின்பற்றும் சடங்கு நூலான சூத்திரமும் தீர்மானிக்கும்.

நரக வர்ணனைகள் பெரும்பாலும் அர்த்தவாதம். விதியின் பக்கம் மனத்தைத் திருப்ப வந்த புகழ்ச்சி, இகழ்ச்சி. அதிலிருந்து புது விதியை உருவாக்க முடியாது.

கோயில் விஷயத்துக்கு இந்த அளவுகோலை அப்படியே கொண்டு போகாதீர்கள். அங்கே கோயில் வழிபாட்டு நூலான ஆகமம்தான் பேசும்: திருமலைக்கு வைகானசம், ஸ்ரீரங்கத்துக்குப் பாஞ்சராத்ரம், சிவாலயங்களுக்குக் காமிகம், காரணம் போன்ற சைவாகமங்கள். வேதம் பொது, ஆகமம் சிறப்பு, இரண்டும் இறைவன் நூல் என்பது திருமூலர் வாக்கு. ஸ்மிருதி வரியைக் காட்டி ஆலய பூஜை முறையைக் குறை சொல்ல இடமில்லை.

வாத்தியாரிடம் இரண்டு மட்டும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நம் சூத்திரம் எது, ஆபஸ்தம்பமா போதாயனமா? மீதி மாசிகங்களும் ஊனங்களும் எந்தத் தேதிகளில் வருகின்றன?