சுவரில் ஒழுகும் குழாயை அடைக்கலாமா?

கேள்வி: மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில், கொண்டை ஊசி வளைவை ஒட்டி டீக்கடை வைத்திருக்கிறேன். மேல் சாலையைத் தாங்கும் தடுப்புச் சுவர் கடைக்குப் பின்னால் இருக்கிறது. மழை பெய்தால் அதிலுள்ள குழாய்களிலிருந்து தண்ணீர் கடைக்குள் கொட்டுகிறது. சிமென்ட் வைத்து அடைத்துவிடலாம் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா?

பதில்: கூடாது. அட்வான்ஸ் கொடுத்திருந்தால் திருப்பி வாங்கிவிடுங்கள்.

அந்தக் குழாய்களை வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார்கள். மேலே பெய்யும் மழை மண்ணில் இறங்கிச் சுவருக்குப் பின்னால் சேரும். 3 மீட்டர் உயரச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் முட்ட நின்றால், ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் சுமார் நாலரை டன் தள்ளும். மண்ணின் பாரமும், வளைவில் முக்கி ஏறும் லாரியின் பாரமும் தனி. கடை நனையாமலிருக்க, குழாய் வாய்க்குக் கீழே பாதியாகப் பிளந்த பிவிசி குழாயை வைத்து ஓரமாகத் திருப்புங்கள், போதும்.

அடுத்து இன்னொருவர் வருவார், பாருங்கள். "சுவரடியில் ரெண்டடி மண்ணை எடுத்தால் கடை பெரிசாகும், ஆபீஸில் நமக்கு ஆள் இருக்கிறது" என்பார். சுவரின் காலடியில் ஒரு கூடை மண்கூட எடுக்கக் கூடாது. நெடுஞ்சாலை நிலத்தில் கைவைக்க எழுத்தில் அனுமதி வேண்டும். நீலகிரியில் ஜேசிபி இறக்கவே மாவட்ட நிர்வாகம் அனுமதிக்க வேண்டும். வாய்வார்த்தையாக அனுமதி வாங்கித் தருகிறவர், சுவர் சரிந்த மறுநாள் போனை எடுக்கமாட்டார்.

ஒழுகுவது நல்லதுதான், ஒரே ஒரு நிலைமை தவிர. மழை பிடித்து அரைமணி கழித்து, குழாய்த் தண்ணீரை ஒரு டீ கிளாஸில் பிடித்து வையுங்கள். முதலில் வருவதைப் பிடிக்காதீர்கள், குழாயில் கிடந்த தூசும் சேர்ந்து வரும். சற்று நேரத்தில் அடியில் செம்மண் படிந்தால், சுவருக்குப் பின்னாலிருந்து மண் கரைந்து வருகிறது என்று அர்த்தம். மேலே தார் அப்படியே இருக்கும், அடியில் பொந்து விழுந்துகொண்டிருக்கும். மறுநாளும் பிடித்துப் பாருங்கள். மறுபடி படிந்தால் கடையைப் பூட்டிவிட்டு, மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077-க்குச் சொல்லுங்கள்.

உண்மையான வேலை மேலே கிடக்கிறது. சாலையோரக் கால்வாயைப் போய்ப் பாருங்கள்: தடை செய்தும் ஒழியாத தண்ணீர் பாட்டில்கள், சிப்ஸ் உறைகள், போன சரிவில் விழுந்த மண். கால்வாய் அடைத்தால் தண்ணீர் சாலைக்கடியில்தான் இறங்கும். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்து மண்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆனாலும் தார் போடக் காட்டும் அவசரம் தூர்வார வருவதில்லை. தூர்வாரிய கால்வாய்க்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்?

தேசிய நெடுஞ்சாலைப் பிரிவுக்கு மனு எழுதுங்கள். பக்கத்து கிலோமீட்டர் கல்லின் எண்ணையும், அடைத்துக் கிடக்கும் கால்வாயின் படத்தையும் சேருங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.