மூவர்ணத் தொப்பியின் கதை

கேள்வி: நல்லூர்த் திருவிழாவுக்கு கனடாவின் மொன்றியலில் இருந்து வந்த பெரியப்பா, சிவப்பு, வெள்ளை, நீலம் சேர்ந்த பழைய தொப்பி ஒன்றைத் தந்துவிட்டுப் போனார். முன்னுக்கு இருப்பது என்ன எழுத்தென்றே விளங்கவில்லை. ‘எக்ஸ்போஸ்’ என்ற பேஸ்போல் அணியுடையதாம். பார்க்க ஆட்கள் வராததால் அந்த அணியை மூடிவிட்டார்கள் என்கிறான் நண்பன். உண்மையா?
- வாசகர், கொக்குவில்

பதில்: மூடவில்லை, இடம்பெயர்த்தார்கள். ஆட்கள் வராமல் போனது உண்மைதான். ஆனால் ஏன் வராமல் போனார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது பெரிய அநியாயம்.

முதலில் எழுத்து. முழுதாகப் பார்த்தால் மொன்றியலின் ‘எம்’. அதற்குள் எக்ஸ்போஸுக்கு ஒரு சின்ன ‘ஈ’, பேஸ்போலுக்கு ஒரு சின்ன ‘பி’. 1967இல் அந்த நகரில் நடந்த உலகக் கண்காட்சியின் பெயரைத்தான் அணிக்கு வைத்தார்கள். 1969இல் ஆடத் தொடங்கியபோது, பேஸ்போலின் உச்சப் போட்டியான மேஜர் லீக்கில் அமெரிக்காவுக்கு வெளியே அமைந்த முதலாவது அணி அதுதான்.

நான் 1986இல் மொன்றியலுக்குப் போய் பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில் இருந்தவன். எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருந்த இடம். அதற்குப் பக்கத்தில்தான் ஜாரி பூங்கா. அணி முதல் எட்டு வருடங்கள் ஆடியது அங்கேதான். நான் போகும்போது அணி ஒலிம்பிக் மைதானத்துக்கு மாறியிருந்தது. உணவகமொன்றில் கோப்பை கழுவினேன். குசினி ரேடியோவில் ஜாக் டூசே பிரெஞ்சில் வர்ணனை சொல்லுவார். வகுப்பில் ஏறாத பிரெஞ்சு அவருடைய குரலில் ஏறியது.

1994ஐ மறக்க முடியாது. 74 வெற்றி, 40 தோல்வி. மேஜர் லீக்கின் இரண்டு பிரிவிலும் அதைவிட நல்ல அணி இல்லை. ஓகஸ்ட் 12இல் எல்லா அணி வீரர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சம்பளத்துக்கு உச்சவரம்பு வைக்க அணி முதலாளிகள் நின்றதுதான் காரணம். அந்த வருடம் சம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரே நடக்கவில்லை. அடுத்த வசந்தத்தில் செலவைக் குறைக்கிறோம் என்று எங்கள் நட்சத்திர வீரர்களான மார்க்கீஸ் கிரிசம், கென் ஹில், ஜோன் வெற்றலாண்ட் மூவரையும் சில நாட்களுக்குள் வேறு அணிகளுக்குக் கொடுத்தார்கள். லாரி வோக்கரும் போய்விட்டார். 1997 முடிய பெட்ரோ மார்ட்டினேஸும் பொஸ்டனுக்கு. குசினியில் என்னோடு நின்ற கியூபெக்கார சமையல்காரர் அதற்குப் பிறகு அந்த ரேடியோவைப் போடவேயில்லை.

1983இல் 23 லட்சம் பேர் வந்த மைதானத்துக்கு 2001இல் ஆறரை லட்சம் பேரும் வரவில்லை. வளர்த்த பிள்ளைகளை வருடா வருடம் விற்றால் யார் ரிக்கற் எடுத்துப் போவார்கள்? நகர நடுவில் புது மைதானம் கட்டும் திட்டமும் அரசு காசு கொடுக்காததால் நின்றது. 2002இல் லீக்கே அணியை வாங்கியது. 2003இலும் 2004இலும் 22 ‘சொந்த மைதான’ ஆட்டங்களை போர்ட்டோ ரிக்கோவில் வைத்தார்கள். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடக் கிரிக்கெட் ஆட்டமான வடக்கின் பெருஞ்சமரை மத்திய கல்லூரி மைதானத்தில் வைக்காமல் தெற்கே காலி நகரத்தில் வைத்தால் எங்களுக்கு எப்படி இருக்கும்?

2004 செப்டெம்பர் 29, மொன்றியலில் கடைசி ஆட்டம். அணி வோஷிங்டனுக்குப் போகிறது என்று அன்றைக்கே அறிவித்தார்கள். புளோரிடா மார்லின்ஸிடம் 9-1 என்று தோற்றோம். மைதானத்தில் 31,000க்கு மேல் சனம், நானும் நின்றேன். முடிந்த பிறகும் கன நேரம் ஒருவரும் எழும்பவில்லை. பின்வரிசைக் கிழவர் ஒருவர் தொப்பியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். 1995 ஒக்டோபரில் போரால் சனமெல்லாம் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட இரவைப் பற்றி அம்மா எழுதிய கடிதம்தான் எனக்கு அப்போது நினைவில் வந்தது. இரண்டையும் ஒரு தராசில் வைக்க மாட்டேன். ஆனால் நினைவு வந்தது.

கேள்வி: அப்படியானால் பழைய சாதனைகள் இப்போது யாருக்குச் சொந்தம்?
- அதே வாசகர்

பதில்: ஏட்டில் வோஷிங்டன் நஷனல்ஸுக்கு. அவர்கள் 2019இல் உலகத் தொடரையும் வென்றார்கள். ஆனால் பழைய நட்சத்திரங்களான கேரி கார்ட்டர், ஆன்ட்ரே டோசன், டிம் ரெயின்ஸ் ஆகியோருக்காக, இனி யாரும் அணியக்கூடாது என்று மொன்றியல் ஒதுக்கிவைத்த 8, 10, 30 ஆகிய சட்டை இலக்கங்களை அங்கே வேறு வீரர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். 2005 ஒக்டோபரில் மொன்றியலின் ஐஸ் ஹொக்கி அணி, அந்த இலக்கங்களைப் பொறித்த பதாகையைத் தன்னுடைய அரங்கின் கூரையில் ஏற்றியது. வேறு விளையாட்டுக்காரர்கள் செய்த அந்த மரியாதையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

தொப்பியை ஊறப்போடாதீர்கள். பழைய துணி, சிவப்பு வெள்ளையில் இறங்கிவிடும். ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள்.