கையும் கடைவாயும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஏற்காட்டில் இருக்கும் என் மாமியாருக்குச் சில மாதங்களுக்கு முன்பு பக்கவாதம் வந்தது. கைகால் பலம் திரும்பிவிட்டது. ஆனால் இடது கைவிரல்களும் இடது கடைவாயும் மரத்துக் கிடக்கின்றன. பனிக்காற்று பட்டால் அதே கை தீயாய் எரிகிறது என்று அழுகிறார். கை எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. மூளை ஸ்கேனில் வலது தலாமஸில் சிறு பாதிப்பு என்றார்கள். வீட்டில் எல்லோரும் நடிப்பு என்கிறார்கள். கைக்கும் வாய்க்கும் என்ன சம்பந்தம்?

வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள சகோதரிக்கு,

நடிப்பு என்பவர்களுக்குப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நடிக்கிறவர் கையைச் சொல்வார், காலைச் சொல்வார். கடைவாயைச் சேர்த்துச் சொல்ல யாருக்குத் தோன்றும்?

தலாமஸ் என்பது உடம்பின் உணர்வுச் செய்திகளை வாங்கிப் பெருமூளைக்கு அனுப்பும், மூளையின் நடுவே உள்ள பகுதி. அதன் கீழ்ப்பின்பகுதியில் இரண்டு நரம்புக்கருக்கள், அதாவது நரம்பணுக் கூட்டங்கள், ஒட்டிக்கொண்டிருக்கின்றன. உள்பக்கத்தில் இருப்பதன் சுருக்கப் பெயர் வி.பி.எம்.; முகத்தின் உணர்வு அங்கே வருகிறது. வெளிப்பக்கத்தில் வி.பி.எல்.; கழுத்துக்குக் கீழே உள்ளதெல்லாம் அதன் பொறுப்பு. அதற்குள்ளும் வரிசை உண்டு. கால் வெளி ஓரத்தில், கை உள்ளே, முகத்தை ஒட்டி. விரல்களுக்கும் உதட்டுக்கும் இடம் தாராளம், முதுகுக்குக் கொஞ்சம்தான். உடம்பில் எட்டி இருக்கும் விரலும் கடைவாயும் அங்கே பக்கத்து வீட்டுக்காரர்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லையில் நூல் போன்ற ஒரு ரத்தக்குழாய் அடைத்தால் போதும், இரண்டும் சேர்ந்தே மரத்துவிடும். வலது தலாமஸில் பழுது என்றால் உடம்பின் இடது பக்கம் மரக்கும்.

இனி எரிச்சல். குளிரும் சூடும் வலியும் தண்டுவடத்தில் ஒரே பாதையில் ஏறி வி.பி.எல்.லுக்கு வருகின்றன. அங்கே பழுதானால் வெறும் குளிர்கூட வலியாக உணரப்படலாம். டெஜெரின், ரூஸி என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் 1906இலேயே இந்த வலியை விவரித்திருக்கிறார்கள். பக்கவாதம் வந்து வாரங்கள், மாதங்கள் கழித்துக்கூட இது தலைகாட்டும். ‘தேறிவிட்டார்’ என்று வீடு நிம்மதியடைந்த நேரத்தில் வருவதால்தான் இத்தனை சந்தேகம்.

சாதாரண வலி மாத்திரை இதற்குப் பெரும்பாலும் கேட்காது. அமிட்ரிப்டிலின், லாமோட்ரிஜின் போன்ற மருந்துகள் சிலருக்கு உதவுகின்றன. வயதையும் இதயத்தையும் பார்த்து நரம்பியல் மருத்துவர்தான் தர வேண்டும். வெளியே போகும்போது கையுறை போடட்டும். குளிருக்கு இதமாக இருக்கும் என்று வெந்நீர்ப் பையை மட்டும் அந்தக் கையில் வைக்காதீர்கள். மரத்த தோலில் கொப்புளம் எழும்பிய பிறகுதான் சுட்டதே தெரியும்.