கணிதம் மேஜரா, மைனரா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். நிரந்தர வதிவிடம் கிடைத்து ஸ்காபரோவுக்கு வந்து நாலு மாதம். இலங்கையின் உயர்தரப் பரீட்சையான ஏ.எல்.லில் இணைந்த கணிதத்துக்கு ஏ. செப்டெம்பரில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தொடங்குகிறீர்கள். கணிதத்தை மேஜராக (முதன்மைப் பாடமாக) எடுப்பதா, மைனராக (துணைப் பாடமாக) வைத்துக்கொண்டு வேறொன்றைப் பெரிதாகப் படிப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். ‘கணக்குப் படிச்சு வாத்தியாராகப் போறியோ’ என்று உங்கள் மாமா கேட்டாரே, அதற்குப் பிறகு வருகிறேன்.

அந்த முடிவை நீங்கள் இப்போதே எடுக்கத் தேவையில்லை. ஊரில் கம்பஸ் கிடைத்தால் எந்தப் பீடம் என்பது அன்றைக்கே முடிந்துவிடும். இங்கே அப்படியில்லை. பட்டத்துக்கு மொத்தம் 20 கிரெடிட், ஒரு பருவப் பாடத்துக்கு அரைக் கிரெடிட். முதல் 4 கிரெடிட் முடிந்த பிறகுதான் மேஜர், மைனரைப் பதிவு செய்வீர்கள். ஒரே துறையை ஆழமாகப் படிக்கும் ஸ்பெஷலிஸ்ட் ஒன்று, அல்லது இரண்டு மேஜர், அல்லது ஒரு மேஜரும் இரண்டு மைனரும் இருந்தால் பட்டம். மைனர் என்றால் 4 கிரெடிட், அதாவது எட்டுப் பாடம். மேஜர் ஏறக்குறைய அதன் இரு மடங்கு.

இப்போது பிழை விடக்கூடாத இடம் வேறு. முதல் வருடத்தில் எந்த நுண்கணிதம் என்பதுதான் அது. முகாமைத்துவம் படிப்பவர்களுக்கு ஒன்று, உயிரியல் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று, ‘கணித விஞ்ஞானங்களுக்கு’ என்று பெயர் போட்ட இன்னொன்று என அங்கே பல உண்டு. கடைசியில் சொன்னதை எடுங்கள். இலேசானதை எடுத்து நல்ல புள்ளி வாங்கிவிட்டு, இரண்டாம் வருடம் கணிதப் பக்கம் வர வழியில்லாமல் நின்ற பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

எடுத்தால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது ஒன்ராறியோவிலேயே வேறொரு பல்கலைக்கழகம். வகையீடு, தொகையீடு எல்லாம் ஏ.எல்.லுக்கே கரைத்துக் குடித்தாயிற்று, பக்கத்தில் இருக்கிற கனடியப் பிள்ளைகள் பெறுதி காணவே தடுமாறுகிறார்கள் என்று முதல் இரண்டு கிழமை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் கிழமை வீட்டுவேலையில் ஒரு கேள்வி: 1, 1/2, 1/3, 1/4 என்று போகும் எண்வரிசையின் எல்லை 0 என நிறுவுக. இதெல்லாம் ஒரு கேள்வியா? ‘கீழே உள்ள எண் பெருக்கப் பெருக்கப் பின்னம் சிறுக்கும், ஆகவே எல்லை 0’ என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். 5க்கு 1. பக்கத்தில் சிவப்புப் பேனையால் ஒரே சொல்: ‘ஏன்?’

கோபத்தோடு ரீ.ஏ.யிடம், அதாவது வீட்டுவேலை திருத்தும் உதவி ஆசிரியரிடம் போனேன். அவர் சண்டை பிடிக்கவில்லை. “1.01, 1.001, 1.0001 என்று போனாலும் சிறுத்துக்கொண்டுதானே போகிறது, அதன் எல்லையும் 0ஆ?” என்று மட்டும் கேட்டார். அங்கேயே வாய் அடைத்துவிட்டது. எதிரில் இருப்பவர் எவ்வளவு சின்ன எண்ணைச் சொன்னாலும் சரி, இந்த இடத்துக்கு அப்பால் வருவதெல்லாம் அதைவிடச் சின்னது என்று இடத்தைக் காட்ட வேண்டும். அவர் 0.001 என்றால் நான் ஆயிரமாவதுக்கு அப்பால் என்பேன். அவர் என்ன சொன்னாலும் எனக்குப் பதில் இருக்கிறது என்று எழுதிக் காட்டுவதுதான் நிறுவல். அந்தச் ‘சின்ன எண்’ணுக்கு எப்சிலன் என்று பெயர். முதல் வருடம் முழுக்க அது உங்களை விடாது.

எங்களுக்கும் ஊரில் ‘நிறுவுக’ என்று கேள்வி வரும்தான். பெரும்பாலும் ஒரு திரிகோணகணிதச் சர்வசமன்பாட்டை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போவதோடு சரி. பாஸ்ட் பேப்பர் செய்து செய்து கை பழகினால் வந்துவிடும். இங்கே கை பழகுவதால் மட்டும் வராது. என் முதல் பரீட்சையில் 100க்கு 38. அதற்கு முன் கணக்கில் 80க்குக் கீழே நான் கண்டதில்லை. வீட்டில் சொல்லாமல் ஒரு மாதம் ஒளித்து வைத்திருந்தேன்.

நீங்களும் தமிழ் மொழிமூலம் படித்திருப்பதால் இன்னொன்று. காவி என்றால் வெக்டர், தாயம் என்றால் மேட்ரிக்ஸ், சார்பு என்றால் ஃபங்ஷன் என்பதெல்லாம் தெரிந்ததுதான். ஆனாலும் கேள்வியை வாசிக்கும்போது மூளை ஒரு கணம் மொழிபெயர்க்க நிற்கும். 50 நிமிடப் பரீட்சையில் அந்தக் கணங்கள் சேர்ந்தால் ஒரு கேள்வி போய்விடும். நான் ஒரு கொப்பியில் நடுவே கோடு கீறி இரண்டு பக்கமும் எழுதி வைத்தேன். சின்னப்பிள்ளை வேலைதான், உதவியது.

சரி, மேஜரா மைனரா? முதல் பருவம் முடிய உங்களிடமே இதைக் கேளுங்கள்: அந்த ‘ஏன்?’ எரிச்சலை மட்டும் தந்ததா, இல்லை இரவில் படுக்கையிலும் மண்டைக்குள் ஓடியதா? இரண்டாவது என்றால் மேஜர். எரிச்சல் மட்டும்தான் என்றால் மைனர் போதும், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. என் சொந்த விருப்பம் கணிதமும் புள்ளிவிபரவியலுமாக இரண்டு மேஜர். சில பாடங்கள் இரண்டுக்கும் பொது. வேலை தேடும்போது புள்ளிவிபரவியல் கதவைத் தட்டும், உள்ளே போனபின் கணிதம் தாங்கும்.

‘முதலில் கணிதத்தில் சேர், பிறகு கொம்பியூட்டருக்கு மாறலாம்’ என்று யாராவது சொல்வார்கள். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். கணினி விஞ்ஞானத்துக்கு இடம் மட்டு. அனுமதியின்போதே அந்த வழியில் வராதவர்கள் பிறகு உள்ளே நுழைவது மிகவும் கஷ்டம்.

இப்போது மாமா. வாத்தியார் வேலை இங்கே மோசமான வேலையில்லை. ஆனால் பட்டத்துக்குப் பிறகு ஆசிரியப் பயிற்சி வேண்டும், உயர்தரப் பள்ளிக்குக் கற்பிக்க இரண்டு பாடம் காட்ட வேண்டும். அது போக வங்கிகளில் ரிஸ்க் பிரிவு, காப்புறுதி, அரச புள்ளிவிபரத் திணைக்களம் என்று இருக்கிறது. நான் காப்புறுதியில். அக்சுவரி, அதாவது காப்புறுதியில் அபாயத்தைக் கணக்கிடுபவர் ஆகும் எண்ணம் இருந்தால் நிகழ்தகவு, நிதிக்கணிதம் என்ற முதல் இரண்டு தொழிற்பரீட்சைகளைப் படிக்கும்போதே எழுதிவிடலாம், பட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். நாள் முழுக்கத் தொகையீடு செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் எக்செலும், ‘இந்த எண் எங்கிருந்து வந்தது’ என்ற சண்டையும்தான். அந்தச் சண்டைக்குப் பழக்கியது சிவப்புப் பேனை.

மாமா இன்னும் முகம் சுளித்தால், கணிதத்தின் நோபல் என்று சொல்லப்படும் ஃபீல்ட்ஸ் பதக்கம் அவர் பஸ் ஏறும் இதே நகரத்தில் உருவானது என்று சொல்லுங்கள். ரொறன்ரோப் பேராசிரியர் ஜோன் சார்ள்ஸ் ஃபீல்ட்ஸ், 1924இல் இங்கே நடந்த சர்வதேச மாநாட்டில் மிஞ்சிய காசை வைத்துத் தொடங்க முயன்றது அது. முதலாவதைக் கொடுத்தது 1936இல், அவர் இறந்த பிறகு.

படிப்புக் கட்டணம் மட்டும் உங்களுக்கு வருடம் 6,000 டொலருக்குச் சற்று மேலே வரும். வெளிநாட்டு மாணவர் கட்டுவது இதன் பல மடங்கு. ஓசாப் என்ற ஒன்ராறியோ அரச மாணவர் நிதியுதவிக்கான விண்ணப்பத்தைப் பிந்த விடாதீர்கள்.

ஓகஸ்டில் நேரம் இருக்கும். நகர மைய வளாகத்தின் 137ஆம் இலக்க நுண்கணிதப் பாட வீடியோக்கள் யூட்யூபில் இலவசமாகக் கிடக்கின்றன. எல்லை பற்றிய பகுதியை மட்டும் பாருங்கள், பேனையும் கடதாசியுமாக. வகுப்பு தொடங்கியதும் வளாகத்துக் கணித உதவி நிலையத்துக்கு முதல் கிழமையே போய்வாருங்கள், 38 வாங்கிய பிறகு போகாமல். பாடத்தை விட வேண்டி வந்தால் அதற்குரிய கடைசித் திகதிக்கு முன் விட்டால் பெறுபேற்றில் விழாது. அந்தத் திகதியை இன்றே ஃபோனில் போட்டு வையுங்கள்.

ஒன்று எழுதவில்லையே, பகுதிநேர வேலைக்குப் போகிறீர்களா? கிழமைக்கு எத்தனை மணி என்று சொல்லுங்கள். முதல் பருவத்தில் நாலு பாடமா ஐந்தா என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்லலாம்.