முயல் நேற்று இரவிலிருந்து தின்னவில்லை, புழுக்கையும் போடவில்லை: கிரைப் வாட்டர் கொடுக்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: சேலத்தில் வளரும் ஒன்றரை வயது ஆண் முயல், எடை இரண்டு கிலோ. தீவனம் பெல்லட் (கடையில் விற்கும் குச்சித் தீவனம்), கேரட், பிஸ்கட். நேற்று இரவு வைத்த பெல்லட் அப்படியே கிடக்கிறது. காலையில் கூண்டுத் தட்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. மூலையில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மருந்துக்கடையில் கிரைப் வாட்டர் கொடுக்கச் சொல்கிறார்கள்.

கிரைப் வாட்டர் வேண்டாம். முயலை இன்று காலையிலேயே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நாயோ பூனையோ ஒரு வேளை தின்னாமல் இருந்தால் மாலை வரை பார்க்கலாம். முயல் அப்படியல்ல. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் அது அவசரம், உங்கள் முயல் அந்த அளவைத் தொட்டுவிட்டது.

முயலின் குடல் எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியது. நீளமான நார் உள்ளே போய்க்கொண்டிருந்தால்தான் அது ஓடும். நார் நின்றால் ஓட்டம் மந்தமாகும். இரைப்பையில் உள்ளது ஈரம் வற்றி இறுகும், சீக்கம் என்ற பெரிய நொதிப்பையில் நல்ல கிருமிகள் குறைந்து வாயு உண்டாக்கும் கிருமிகள் பெருகும். வாயு சேர்ந்தால் வலி, வலித்தால் தின்னாது, தின்னாவிட்டால் குடல் இன்னும் மந்தமாகும். ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகும் இந்த நிலையைத்தான் மருத்துவர்கள் ஜி.ஐ. ஸ்டேசிஸ் என்கிறார்கள். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது என்பதால் இரைப்பையில் சேர்ந்தது மேல்வழியாக வெளியேற வாய்ப்பே இல்லை. கிரைப் வாட்டரில் உள்ள இனிப்பு அந்தக் கெட்ட கிருமிகளுக்குத்தான் தீனி.

கிளம்புவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கிச் சிலவற்றைப் பாருங்கள். மந்தமான குடலா, அடைத்துக்கொண்ட குடலா என்று ஒரு யூகம் வேண்டும். ஏனென்றால் முதலாவதற்குச் செய்வது இரண்டாவதில் உயிரை எடுத்துவிடும்.

முதலில் வயிறு. முயலைத் தரையில் துண்டின்மேல் வைத்து, விலா எலும்புக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ளங்கையால் மெல்லத் தாங்கிப் பாருங்கள். மாவு உருண்டைபோல் அமுங்கினால் நல்லது. இடப்பக்க விலாவுக்கு அடியில் பந்துபோல் உப்பி, மத்தளம்போல் விறைத்திருந்தால் அடைப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அமுக்கிச் சோதிக்க வேண்டாம். அடைப்பு பெரும்பாலும் திடீரென்று வரும்: மாலை வரை துள்ளிக்கொண்டிருந்தது, இரவில் ஒரேயடியாகச் சுருண்டு படுத்துவிட்டது என்பார்கள். ஸ்டேசிஸ் அப்படி வராது. இரண்டு மூன்று நாளாகப் புழுக்கை சிறுத்து, எண்ணிக்கை குறைந்து, தீவனத்தில் பாதியை விட்டு, பிறகுதான் நிற்கும்.

அடுத்தது காதும் உடல் வெப்பமும். நுனி மிருதுவான டிஜிட்டல் தெர்மாமீட்டரில் வாசலின் தடவி, ஆசனவாயில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் வைத்துப் பாருங்கள். ஒருவர் முயலின் பின்பக்கத்தை உடம்போடு அணைத்துத் தாங்கிப் பிடிக்க வேண்டும். முயல் உதறி உதைத்தால் அதன் முதுகெலும்பே முறியக்கூடும். பிடிக்கப் பழக்கமில்லை என்றால் இதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். 101 முதல் 104 டிகிரி பாரன்ஹீட் வரை சரியான வெப்பம். 100-க்குக் கீழே இறங்கி, காது சில்லென்று இருந்தால் நிலைமை மோசம். 105-ஐத் தாண்டினால் வெப்பத் தாக்குதலாக இருக்கலாம். சேலத்துக் கோடையில் தகரக் கூரையின் கீழே கூண்டு இருந்தால் அதற்கு வாய்ப்பு அதிகம். அப்போது காதைச் சாதாரணத் தண்ணீரால் நனைத்து மின்விசிறிக் காற்றில் வைக்க வேண்டும். ஐஸ் தண்ணீர் கூடாது.

கடைசியாக, அதற்கு மிகவும் பிடித்த தழையை மூக்கருகே நீட்டுங்கள். கொத்தமல்லியோ புதினாவோ போதும். ஆவலோடு வந்து முகர்ந்து, வாயில் எடுத்துக் கீழே போட்டுவிட்டால் பல்லைச் சந்தேகியுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு பல்லை நறநறவென்று கடித்தால் அது வயிற்று வலி. தலையைத் தடவும்போது சுகத்தில் வரும் மெல்லிய பல் அசைவை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வலியில் கடிக்கும்போது சத்தம் கேட்கும், கண் பாதி மூடியிருக்கும், வயிற்றைத் தரையில் வைத்து அழுத்தும், அடிக்கடி இடம் மாறி உட்காரும்.

வயிறு விறைத்திருந்தால் வாய்வழியாக எதுவும் கொடுக்காமல் கிளம்புங்கள், தண்ணீர்கூட வேண்டாம். உதிர்ந்த முடி இறுகிய கட்டியோ, கம்பள நூலோ, ஊறிப் பருத்த பட்டாணியோ சிறுகுடலில் சிக்கியிருக்கலாம். சுரக்கும் நீரும் வாயுவும் பின்னால் தேங்கி இரைப்பை உப்பிக்கொண்டே போகும். மேலும் ஊட்டினால் அது கிழியக்கூடும். இதில் நமக்குக் கிடைப்பது சில மணி நேரம்தான்.

வயிறு அமுங்கினால், வழியில் ஆகும் நேரத்தை வீணாக்காமல் செய்யக்கூடியவை உண்டு. உடம்பு குளிர்ந்திருந்தால் முதலில் சூடு. வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றி ஒரு பக்கமாக வையுங்கள், சூடு போதுமென்று பட்டால் முயல் விலகிக்கொள்ள மறுபக்கம் இடம் இருக்கட்டும். உடம்பு சூடேறாமல் உணவு ஊட்டக் கூடாது. பிறகு தண்ணீர். ஊசி கழற்றிய ஒரு மில்லி சிரிஞ்சை முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் பக்கவாட்டில் நுழைத்து, அரை மில்லி விடுங்கள். மென்று விழுங்குவதைப் பார்த்தபின் அடுத்த அரை மில்லி. நேர் முன்னாலிருந்து பீய்ச்சினாலோ, குழந்தையைப்போல் மல்லாத்திப் பிடித்தாலோ தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும்.

விழுங்குகிறது, தெம்பாக இருக்கிறது, ஆனால் மருத்துவரைப் பார்க்க மதியம் ஆகும் என்றால் உணவும் ஊட்டலாம். முயலுக்கென்று நார்ப்பொடி கலந்த மீட்பு உணவு கடைகளில் கிடைக்கிறது. கையில் இல்லையென்றால் அது வழக்கமாகத் தின்னும் பெல்லட்டைப் பொடித்து, ஒரு பங்குக்கு இரண்டு மூன்று பங்கு வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கூழாக்குங்கள். வெதுவெதுப்பாக ஆறியதும் கொடுக்கலாம். சிரிஞ்சு நுனி அடைத்தால் நுனியை வெட்டி, விளிம்பை உரசி மழுக்கிக்கொள்ளுங்கள். ஒரு வேளைக்கு கிலோவுக்குப் பத்து மில்லி, அதாவது உங்கள் முயலுக்கு இருபது மில்லி. ஒரு நாளில் நான்கைந்து வேளை. முதல் வேளையில் அதில் பாதி கொடுத்து, வயிறு உப்புகிறதா என்று பாருங்கள். கஞ்சி, செரலாக், வாழைப்பழக் கூழ், தயிர்ச்சோறு எல்லாம் அன்பால் கொடுக்கப்படுபவைதான். ஆனால் அந்த மாவும் சர்க்கரையும் சீக்கத்துக்குப் போய் வாயுவைக் கூட்டும்.

முடி உருண்டையைக் கரைக்க அன்னாசிச் சாறு கொடுக்கச் சொல்வார்கள். எந்தப் பழச்சாறும் முடியைக் கரைக்காது. தன்னையே நக்கிச் சுத்தம் செய்யும் முயலின் இரைப்பையில் எப்போதும் கொஞ்சம் முடி இருக்கத்தான் செய்யும், குடல் ஓடினால் அது புழுக்கையோடு போய்விடும். வயிற்றில் முடி கட்டியிருப்பது பெரும்பாலும் குடல் நின்றதன் விளைவு. வாயுவுக்கான சிமெத்திகோன் சொட்டு மருந்து பற்றிக் கேட்பவர்களுக்கு: பெரிய கெடுதல் இல்லை, பெரிய பலனையும் எதிர்பார்க்க வேண்டாம். அதைக் கொடுத்துவிட்டோம் என்று மாலைவரை காத்திருப்பதுதான் ஆபத்து.

இனி மருத்துவமனை. பல கிளினிக்குகளில் நாய், பூனை மட்டுமே அதிகம் பார்த்திருப்பார்கள். போன் செய்து முயல் பார்ப்பீர்களா என்று கேட்டுவிட்டுப் போங்கள். உங்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டும் தூரம். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி, தெற்கே இருப்பவர்களுக்குத் திருநெல்வேலி, டெல்டாக்காரர்களுக்கு ஒரத்தநாடு. கடைசியாகத் தின்ற நேரம், கடைசிப் புழுக்கை போட்ட நேரம், கடந்த வாரம் தீவனத்தில் செய்த மாற்றம், இந்த மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். புழுக்கை ஒன்றிரண்டு கிடைத்தால் அதையும் ஒரு டப்பாவில் கொண்டுபோங்கள்.

அங்கே எக்ஸ்ரே எடுப்பார்கள், தோலுக்கு அடியில் அல்லது நரம்பில் திரவம் ஏற்றுவார்கள், வலிக்கு மருந்து தருவார்கள். ரத்தச் சர்க்கரை பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். ஒரு சொட்டு ரத்தம் போதும், அது சொல்லும் செய்தி பெரிது. முயலுக்கு டெசிலிட்டருக்கு 360 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் அடைப்பாக இருக்கும் சந்தேகம் வலுக்கும். வலிமருந்தைத் தவிர்க்கவே கூடாது. வலி அடங்காமல் முயல் தின்னாது. மெலாக்சிகாம் முயலுக்கு நாயைவிடக் கூடுதல் அளவில் தேவைப்படும், நீர் வற்றிய உடம்பில் அதுவே சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதனால் வீட்டில் இருக்கும் நாய் மருந்தைக் குத்துமதிப்பாக ஊற்றிவிடாதீர்கள். மெட்டோகுளோப்ரமைடு போன்ற குடலை முடுக்கும் மருந்து, அடைப்பு இல்லை என்று தெரிந்த பிறகுதான்.

ஒன்றை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், செஃபலெக்சின், கிளின்டாமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின் ஆகியவற்றை முயலுக்கு வாய்வழியாகக் கொடுக்கவே கூடாது. இவை குடலின் நல்ல கிருமிகளைக் கொன்று, கிளாஸ்ட்ரிடியம் என்ற கெட்ட கிருமியின் நச்சு பெருக வழிவிட்டு, சில நாட்களில் முயலையே கொன்றுவிடும். எழுதித் தந்தால் தயங்காமல் கேளுங்கள். என்ரோஃபிளாக்சசின், ட்ரைமெத்தோபிரிம்-சல்ஃபா போன்ற பாதுகாப்பான மாற்று உண்டு. உண்ணிக்கு அடிக்கும் ஃபிப்ரோனில் ஸ்ப்ரேயும் முயலுக்கு விஷம். அறுவை சிகிச்சைக்கு முன் பட்டினி போடச் சொன்னாலும் விளக்கம் கேளுங்கள், வாந்தி எடுக்காத விலங்குக்கு நாய்போல் இரவெல்லாம் பட்டினி தேவையில்லை.

வீட்டுக்கு வந்ததும் தரையில் நடமாட விடுங்கள், அசைவு குடலுக்கு உதவும். புழுக்கை வரத் தொடங்கும்போது முதலில் சிறிதாக, கறுத்து, கோணலாக இருக்கும். சளி ஒட்டியும் வரலாம். அது நல்ல அறிகுறிதான், ஆனால் ஊட்டுவதை அன்றே நிறுத்திவிடாதீர்கள். தானாக உலர்புல் தின்று, உருண்டையான, வைக்கோல் நிறப் புழுக்கை போடும்வரை தொடர வேண்டும். மணி கோத்ததுபோல் முடியில் தொங்கும் புழுக்கை வந்தால் முடி உதிரும் காலம் என்று பொருள். தினமும் சீவிவிட்டு, புல்லைக் கூட்டுங்கள்.

புழுக்கை பற்றி இன்னொரு குழப்பம். திராட்சைக் கொத்துபோல் பளபளப்பாக, கறுத்து, நாற்றத்தோடு வருவது கழிச்சல் அல்ல. சீக்கத்தில் உருவாகும் அந்த மென்புழுக்கையை முயல் ஆசனவாயிலிருந்தே எடுத்துத் தின்றுவிடும், அதில்தான் வைட்டமின் பி இருக்கிறது. அது தரையில் நசுங்கிக் கிடந்தாலோ, பின்பக்கத்தில் அப்பியிருந்தாலோ பெல்லட்டும் இனிப்பும் கூடிவிட்டன, அல்லது குனிந்து எடுக்க முடியாத அளவுக்கு முயல் பெருத்துவிட்டது. அப்பிய இடத்தை அன்றாடம் சுத்தம் செய்யுங்கள். ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

தண்ணீராகப் போவதுதான் உண்மையான கழிச்சல். சந்தையிலும் தெருவிலும் மூன்று நான்கு வாரத்தில் தாயிடமிருந்து பிரித்து விற்கப்படும் குட்டிகளுக்கு இது அதிகம். காக்சிடியா ஒட்டுண்ணி பெரும்பாலும் காரணமாக இருக்கும், மலப் பரிசோதனையில் தெரியும். மனிதருக்கான லோபரமைடு கொடுத்துக் கழிச்சலை அடைக்காதீர்கள். குட்டிக்குத் தண்ணீர்க் கழிச்சல் என்றால் மறுநாள்வரை காத்திருக்க நேரமில்லை.

உங்கள் முயலுக்கு ஏன் வந்தது? நீங்கள் எழுதியதில் பெல்லட், கேரட், பிஸ்கட் இருக்கின்றன, புல் இல்லை. தீவனத்தில் எண்பது சதவீதத்துக்குமேல் புல்லாக இருக்க வேண்டும். இறக்குமதியாகும் டிமோத்தி உலர்புல்லின் விலை கட்டுப்படியாகாவிட்டால் கினியா புல்லையும் அருகம்புல்லையும் மருந்தடிக்காத இடத்தில் அறுத்து நிழலில் உலர்த்துங்கள், பூசணம் பிடித்த கட்டைத் தூக்கி எறியுங்கள். குதிரைமசால் வளரும் குட்டிக்குச் சரி, பெரிய முயலுக்கு அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம். நெல் வைக்கோல் படுக்கைக்கு ஆகும், உணவுக்கு ஆகாது. பெல்லட் ஒரு நாளைக்கு கிலோ எடைக்கு 25 கிராம் போதும், உங்கள் முயலுக்கு 50 கிராம். கேரட் இனிப்புப் பண்டம், ஒரு துண்டோடு நிறுத்துங்கள். பிஸ்கட் வேண்டவே வேண்டாம். தீவனத்தை மாற்றும்போது பத்து நாளாவது எடுத்துக்கொண்டு, பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள்.

புல்லை மாற்றியும் மறுபடி மறுபடி இதே நிலை வந்தால் வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். முயலின் பல் சாகும்வரை வளரும், நார் அரைத்தால்தான் தேயும். முன்பல் ஒழுங்காக இருக்கும், கடைவாய்ப்பல் கூர்ந்து நாக்கையோ கன்னத்தையோ குத்திக்கொண்டிருக்கும். தாடை ஈரமாக இருப்பதும், உலர்புல்லை ஒதுக்கி மென்தழையை மட்டும் தின்பதும் அதற்கு அடையாளம்.