பிள்ளைகளுக்குக் கட்டும் பணத்தை வரியில் கழிக்கலாமா?

கேள்வி: பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். பாயான் லெப்பாஸில் டெக்னீஷியன் வேலை, சம்பளம் 6,500 வெள்ளி. மணவிலக்கு ஆகி இரண்டு வருஷம். மகளுக்கு 13 வயது, மகனுக்கு 9. இருவரும் அம்மாவிடம் வளர்கிறார்கள். நீதிமன்ற ஆணைப்படி மாதம் 1,200 வெள்ளி கட்டுகிறேன். அவரும் வேலைக்குப் போகிறார். வருஷத்துக்கு 14,400 வெள்ளி போகிறதே, இதை வருமான வரிக்கான பி.ஈ. பாரத்தில் எங்கே போடுவது?

பதில்: எங்கும் போட முடியாது. பிப்ரவரி, மார்ச் வந்தால் என்னிடம் இதே கேள்வியோடு வரும் அப்பாக்கள் நிறைய. கட்டிய தொகையை அப்படியே வருமானத்திலிருந்து கழிக்க நம் மலேசியச் சட்டத்தில் இடமில்லை. இருப்பது பிள்ளைக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த கழிவு மட்டும்தான். 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட, மணமாகாத பிள்ளைக்குத் தலைக்கு 2,000 வெள்ளி. மாதம் 300 கட்டினாலும் 3,000 கட்டினாலும் அதேதான்.

பிள்ளைகள் கூட இல்லையே, நமக்குக் கிடைக்குமா என்று தயங்க வேண்டாம். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 48ஆவது பிரிவு பார்ப்பது, பிள்ளையின் பராமரிப்புக்கு நீங்கள் செலவு செய்தீர்களா என்பதைத்தான். யார் வீட்டில் தூங்குகிறது என்பதை அல்ல. ஆனால் அம்மாவும் சம்பாதித்துப் பிள்ளைகளுக்குச் செலவு செய்கிறார் அல்லவா? சேர்ந்து வாழாத இருவருக்கும் ஒரே பிள்ளையின்மேல் தகுதி இருந்தால் ஆளுக்குப் பாதி. பாரத்தில் 100 விழுக்காடு, 50 விழுக்காடு என்று இரண்டு கட்டம் இருப்பது இதற்காகத்தான். உங்களுடையது 50.

கணக்குப் போடுவோம். ஆண்டு வருமானம் 78,000. சுயக் கழிவு 9,000, இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) கழிவு 4,000 போனால் 65,000. அந்தப் படியில் வரி 11 விழுக்காடு. இரண்டு பிள்ளைக்கும் பாதிப் பாதியாக 2,000 கழிந்தால் மிச்சமாவது 220 வெள்ளி. 14,400 முழுதும் கழிந்திருந்தால் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் மிச்சமாகியிருக்கும். அந்த நினைப்பில் செலவுக்குத் திட்டம் போட்டிருந்தால் இப்போதே அழித்துவிடுங்கள்.

பெரிய வித்தியாசம் மகளுக்கு 18 ஆகும்போது வரும். உள்நாட்டில் முழுநேரமாக டிப்ளோமாவோ அதற்கு மேலோ படித்தால் கழிவு 8,000; உங்கள் பாதி 4,000. திருமணம், மணவிலக்கு பற்றிய சீர்திருத்தச் சட்டத்தில் 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி, மேற்படிப்பு முடியும்வரை பராமரிப்பு தொடரலாம். அந்த வருஷங்களில் பணம் அனுப்பிய சான்று மிக முக்கியம்.

ஜீவனாம்சம் வேறு. முன்னாள் மனைவிக்குக் கட்டும் தொகைக்கு 4,000 வெள்ளி வரை கழிவு உண்டு. மறுமணம் செய்து, புது மனைவிக்கும் கழிவு கேட்டால் இரண்டும் சேர்ந்தே 4,000தான். வாய்ப்பேச்சில் ஒத்துக்கொண்டு கொடுப்பது செல்லாது, முறையான ஒப்பந்தமோ ஆணையோ வேண்டும். உங்கள் ஆணையில் இது இல்லை, ஆனால் இன்னும் வழக்கு நடக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: ‘மனைவி, பிள்ளைகளுக்காக மாதம் 1,500’ என்று மொத்தமாக எழுத விடாதீர்கள். ஆளுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். வக்கீலுக்கு அரை வரி கூடுதல் வேலை. உங்களுக்கு வருஷா வருஷம் நிம்மதி. ஷரியா நீதிமன்ற ஆணை வைத்திருப்போரும் இதையே கவனிக்கலாம்.

பலர் மறப்பது பி.சி.பி. விவகாரம், அதாவது சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் வரி. மணவிலக்கு ஆனதைக் கம்பெனி எச்.ஆரிடம் சொன்னீர்களா? ‘மனைவி வேலை செய்யவில்லை’ என்ற பிரிவிலேயே இன்னும் பெயர் கிடந்தால் மாதாமாதம் பிடித்தம் குறைவாகப் போகும். பாரம் நிரப்பும்போது மொத்தமாகக் கட்ட வேண்டியிருக்கும்.

பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள். வங்கி வழி அனுப்பி, குறிப்பில் பிள்ளைகள் பெயரும் மாதமும் எழுதுங்கள். ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டும். பள்ளி பஸ் காசு, டியூஷன் காசு என்று நேரே கட்டுவதற்கும் ரசீது வாங்குங்கள். ஆனால் அதை 1,200 வெள்ளியில் கழித்துக்கொள்ளாதீர்கள், ஆணை அப்படிச் சொல்லாதவரை அது பாக்கியாகவே நிற்கும்.

பாரம் அனுப்புமுன் அம்மாவுக்கு ஒரு வாட்ஸ்அப் போடுங்கள்: ‘நான் 50 போடுகிறேன், நீங்களும் 50 போடுங்கள்.’ அவர் 100 போட்டு, நீங்கள் 50 போட்டால் வரி வாரியத்தின் கடிதம் இரண்டு வீட்டுக்கும் வர வாய்ப்புண்டு. அந்தச் செய்தியையும் அழிக்காதீர்கள்.